மூன்று வருட லேப்டாப், ஒரு பூனை, தப்பான இடத்தில் ஒரு பவர் பட்டன்

நேற்றுதான் லேப்டாப் சர்வீஸிலிருந்து திரும்பி வந்தது. சாயங்காலம் நண்பன் போன் செய்தான். "நீ வச்சிருக்கிற மாடலுக்கு விலை இறங்கியிருக்குடா, வாங்கலாமா?" கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "வீட்டுக்குப் புதுசா ஒரு பூனைக்குட்டி வந்திருக்கு, அதுவேற எல்லாத்து மேலயும் ஏறுது" என்றான். சரி, எழுதி அனுப்புகிறேன், படித்துவிட்டு முடிவு செய் என்றேன். அவனுக்கு எழுதியதுதான் இது. பூனை வளர்க்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

பிராசஸர், ரேம் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. மூன்று வருடமாக இதில் தினமும் ஏழெட்டு மணி நேரம் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். மெய்யெழுத்தின் மேல் புள்ளி விட்டுப்போயிருந்தால்கூடப் பளிச்சென்று தெரிகிற ஸ்கிரீன். எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் விரல் வலிக்காத கீபோர்டு. பட்டு (எங்கள் பூனை, நாலரை கிலோ) மூடியின் மூலையில் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து அங்கே எண்ணெய்ப் பிசுக்குபோல ஒரு தடம் விழுந்துவிட்டது, ஆனாலும் ஹிஞ்ச் இம்மிகூடத் தளரவில்லை. இப்படித் தேய்ப்பது பூனைக்கு விளையாட்டு இல்லை, கன்னத்தில் இருக்கும் சுரப்பியின் வாசனையைப் பூசி 'இது என்னுடையது' என்று அடையாளம் வைக்கிறது. அந்தத் தடத்தை நான் துடைப்பதில்லை.

குறை ஒன்றே ஒன்றுதான், பவர் பட்டன். அதைத் தனியாக ஓரத்தில் வைக்காமல் கீபோர்டின் மேல் வரிசையில், வலது மூலையில், டெலிட்டை ஒட்டி, மற்ற கீகளின் அதே அளவில், அதே மெதுவான அழுத்தத்தில் வைத்திருக்கிறார்கள். வடிவமைத்தவர்கள் யாரும் வீட்டில் பூனை வளர்க்கவில்லை என்று நிச்சயமாகச் சொல்வேன். பூனை மேசையில் தாவி, ஜன்னல் பக்கம் போக, கீபோர்டின் மேலோரமாகத்தான் நடக்கும். கடைசிக் கால் வைக்கிற இடம் அந்த மூலைதான்.

முதல் மாதத்திலேயே செட்டிங்கில் போய், பவர் பட்டனை அழுத்தினால் ஒன்றும் செய்யாதே என்று மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு நடக்கிறபோது தொல்லை இல்லை. ஆனால் பட்டு நடப்பதோடு விடுவதில்லை, உட்கார்ந்துவிடுவாள். பட்டனைச் சில நொடி தொடர்ந்து அழுத்திப் பிடித்தால், விண்டோஸில் நீங்கள் என்ன செட்டிங் வைத்திருந்தாலும், லேப்டாப் கரண்டை வெட்டிவிடும். கம்ப்யூட்டர் உறைந்துபோனால் அணைக்க வழி வேண்டுமே என்று வைத்த ஏற்பாடு அது, அதைக் குறை சொல்ல மாட்டேன். அதைப் பூனை உட்காரும் இடத்தில் வைத்ததைத்தான் சொல்கிறேன். ஒரு நாள் ராத்திரி நாற்பது பக்கம் திருத்திவிட்டு, தண்ணீர் குடித்து வர எழுந்து போனேன். திரும்பி வந்தபோது ஸ்கிரீன் கருப்பாக இருந்தது, பட்டு கீபோர்டின் அந்த மூலையில் சுருண்டு படுத்திருந்தாள். கடைசிப் பதினோரு பக்கம் சேவ் ஆகவில்லை. எனக்கு வந்த கோபம் பட்டு மேல் இல்லை.

பட்டு செய்த மற்றதெல்லாம் பெரும்பாலும் எந்த விண்டோஸ் லேப்டாப்பிலும் நடக்கக்கூடியதுதான். வலது ஷிஃப்டை எட்டு நொடி பிடித்தால் ஃபில்டர் கீஸ் என்று ஒன்று கேட்டு, சரி என்றாகிவிட்டால் அப்புறம் சாதாரணமாகத் தட்டுகிற எழுத்தெல்லாம் விழாது. கீபோர்டு போய்விட்டது என்று நினைத்து மூன்று நாள் தவித்தேன். மறுபடி அதே ஷிஃப்டை எட்டு நொடி பிடித்ததும் சரியாயிற்று. ஷிஃப்டை ஐந்து தடவை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் (ஷிஃப்ட், கண்ட்ரோல் போன்றவற்றை அழுத்திப் பிடிக்காமலே வேலை செய்ய வைப்பது) வேண்டுமா என்று கேட்கும். இரண்டுக்கும் குறுக்குவழியை செட்டிங்கில் நிறுத்திவிடலாம், இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அலுவலகத்தில் கொடுத்திருந்த பழைய லேப்டாப்பில் கண்ட்ரோல், ஆல்ட், கீழ் அம்புக்குறி மூன்றும் சேர்ந்து அமுங்கி ஸ்கிரீனே தலைகீழானது. மூன்று கீயை ஒரே நேரத்தில் எப்படி மிதித்தாள் என்று இன்றுவரை வியப்புதான். கண்ட்ரோல், ஆல்ட், மேல் அம்புக்குறி என்று அழுத்தியதும் நிமிர்ந்தது.

இது உலகம் முழுக்க இருக்கிற பாடு. பூனை மிதிப்பதைக் கண்டுபிடித்துக் கீபோர்டை முடக்கும் பாசென்ஸ் என்ற மென்பொருளுக்காக, கிறிஸ் நிஸ்வாண்டர் என்பவருக்கு 2000-இல் கணினி அறிவியலுக்கான இக் நோபல் பரிசே கொடுத்தார்கள். சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் வேலைகளுக்குத் தருகிற பரிசு அது. நல்ல யோசனைதான். ஆனால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் அணைவதை அப்படிப்பட்ட மென்பொருளால் தடுக்க முடியாது.

இப்போது சர்வீஸுக்கு ஏன் போனது என்று சொல்கிறேன். இரண்டு மாதமாக ஃபேன் ஓயாமல் இரைந்தது, வேலையும் மந்தமாயிற்று. அடிமூடியைக் கழற்றி, ஃபேனுக்கும் அதன் எதிரே இருக்கும் மெல்லிய தகடுகளுக்கும் நடுவிலிருந்து சர்வீஸ்காரர் இடுக்கியால் ஒன்றை இழுத்தார். கம்பளித் துணிபோல, சாம்பல் நிறத்தில், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரே பட்டையாக வந்தது, முழுக்கப் பட்டுவின் முடி. காற்று வெளியே போக வழியில்லாமல் சூடு உள்ளேயே நின்றிருக்கிறது. பூனையின் உடம்புச் சூடு கிட்டத்தட்ட 38 டிகிரி, நமக்குப் புழுக்கமான 30 டிகிரிக்கு மேல்தான் அதற்குச் சுகம். முடி அடைக்க அடைக்கக் கீபோர்டு சூடாகும், சூடாக ஆகப் பட்டு இன்னும் அதிகமாக வந்து படுப்பாள், படுத்தால் இன்னும் முடி. இரண்டு மாதமாக அவள் ஏன் அந்த மூலையை விட்டு எழவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறார், செய்யப்போகிறேன்.

சுத்தம் செய்த பிறகு புதிதுபோல ஓடுகிறது. சத்தமே இல்லை. நேற்று ராத்திரி பட்டு ஏறிப் பார்த்தாள், முன்போலச் சூடு இல்லை, இறங்கி என் மடியில் வந்து படுத்துக்கொண்டாள். மெய்ப்பு வேலைக்கு இதைவிட நல்ல லேப்டாப்பில் நான் உட்கார்ந்ததில்லை, இது உழைக்கிறவரை மாற்றவும் மாட்டேன்.

நீ வாங்காதே. பவர் பட்டன் பக்கவாட்டில் இருக்கிற மாடலாகப் பார், ஸ்கிரீன் ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை. இதன் விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் வாங்காதே.