ஈறை அளக்காத பல் சுத்தம்

கோபிசெட்டிபாளையத்தில் பல் டாக்டரைப் பார்க்க முன்பதிவெல்லாம் வேண்டாம். லண்டனில் வாரக்கணக்கில் காத்துக் கிடப்பவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி. பெரியப்பாவை நாற்காலியில் சாய்த்து, பல்லில் கல்லாய் இறுகியிருந்த காரையை இருபதே நிமிடத்தில் எடுத்து, "சுத்தமாயிருச்சுங்கய்யா" என்று அனுப்பிவிட்டார்கள். ஈறுக்குள் ஆழம் மட்டும் பார்க்கவே இல்லை. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆழம் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. மெல்லிய கம்பி, நுனியில் அரை மில்லிமீட்டர் உருண்டை, 3.5 முதல் 5.5 மி.மீ. வரை கறுப்புப் பட்டை. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கிச் சுற்றிலும் நகர்த்திப் பார்ப்பார்கள். பட்டை முழுசாகத் தெரிந்தால் பயமில்லை. பாதி மறைந்தால் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே குழி விழுந்திருக்கிறது. முழுசாக மறைந்தால் 6 மி.மீ. அல்லது அதற்கும் மேல், பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருக்கலாம். பிரிட்டனில் வாயை ஆறு பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுவிடுவார்கள்.

துலக்கும்போது ரத்தம் வந்தால் "அது சூடு கண்ணு, எளநி குடிச்சாச் செரியாயிரும்" என்பார் பெரியம்மா. தடப்பள்ளி வாய்க்கால் கரையில் வேப்பங்குச்சி மென்ற காலத்துப் பேச்சு, கேட்கவே இனிக்கிறது. ஆனால் அது சூடு இல்லை. பல்லோரம் தங்கிய ஊத்தையால் ஈறு வீங்கியிருக்கிறது. இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது.

பீடி குடிப்பவர்களுக்கு அந்த ரத்தமும் சரியாக வராது. நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடுவதால் ஈறு நன்றாக இருப்பதுபோலவே தெரியும். பெரியப்பாவுக்கு நாற்பது வருடப் பீடி, கூடவே சர்க்கரை. பல் நீண்டு தெரிகிறது, இடுக்கில் கீரை நார் சிக்குகிறது, வாய் நாறுகிறது. இத்தனை இருந்தும் ரத்தம் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா கீழ் முன்பற்களின் உள்பக்கம் நாக்கால் தடவிப் பார்த்து, "சுத்தம் பண்ணிப் பல்லை ஆட்ட உட்டுட்டானுங்க" என்று ஒரே புலம்பல். எச்சில் சுரப்பி அங்கேதான் திறப்பதால் காரை அங்கே கனமாகப் படியும். இத்தனை நாள் ஆடும் பல்லை அணைத்துப் பிடித்திருந்ததே அந்தக் காரைதான். இதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

மறுநாள் திரும்பப் போய்க் கேட்ட பிறகுதான் கம்பியை எடுத்தார்கள். கீழ் வலது கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் 7 மி.மீ. இனி மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கடியில் வேரில் ஒட்டியதைச் சுரண்டி, மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அந்தத் தேதியையும் யாரும் எழுதித் தரவில்லை. சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு வந்திருக்கிறோம்.