மாம்பிசினை நீக்கக் காரைக் கொடுக்கும் முன் படியுங்கள்: 1,850 ரேண்டும் போயிற்று, வண்ணமும் போயிற்று

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பக்கத்தில் வீட்டு மாமரத்தடியில் காரை நிறுத்துகிறவர்கள் இதைத் தயவுசெய்து முழுமையாகப் படிக்க வேண்டும். காரில் ஒட்டிய பிசினை நீக்க 1,850 ரேண்ட் வாங்கிக்கொண்டு, பிசினோடு சேர்த்து வண்ணத்தின் மேலுள்ள கிளியர் கோட் என்ற நிறமற்ற காப்புப் பூச்சையும் தேய்த்து எடுத்துவிட்டு, இன்று என்னை யாரோ போல நடத்துகிற ஒரு கடையைப் பற்றி எழுதுகிறேன். பெயரை எழுதவில்லை. பெரிய வணிக வளாகம் ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில், நிழல்வலைக்குக் கீழே கார்களைக் கழுவி மெருகேற்றித் தரும் கடை அது.

மாங்காய் முற்றும் இந்த ஜனவரியில் காம்பிலிருந்து வடியும் பால் காரின் முன்பக்க மூடியான பானட்டில் சொட்டி, வெயிலில் காய்ந்து பிசினாக இறுகிவிட்டால், சோப்பு நீருக்கு அசையாது. தோலில் பட்டாலே புண்ணாக்கும் பால் அது. வண்ணத்தின் மேல் நெடுநாள் கிடந்தால் அங்கும் தடம் பதிக்கும். அதனால்தான் தொழில் தெரிந்தவர்களிடம் கொடுப்போம் என்று அங்கே சென்றேன்.

மேற்பார்வையாளர் இளைஞர், நெற்றி நிறையத் திருநீறு. காரைச் சுற்றி வந்து, ஒவ்வொரு துளியையும் விரலால் தொட்டுப் பார்த்து, "கவலைப்படாதீங்க ஆண்ட்டி, எங்க அம்மா கார் மாதிரி பார்த்துச் செய்றேன்" என்றார். எதைப் போட்டுத் துடைப்பீர்கள் என்று நான் கேட்டதற்கு, பிசினுக்கென்றே உள்ள திரவம், அது வண்ணத்தைத் தொடாது, பிறகு கிளே பார் என்ற, அழுக்கை ஒட்டி எடுக்கும் களிமண் கட்டியைக் கொண்டு மெல்ல உருட்டி எடுப்போம் என்று பொறுமையாக விளக்கினார். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். விரதத்தில் இருக்கிற பிள்ளை பொய் சொல்லாது என்று நம்பி, 1,850 ரேண்டையும் முன்பணமாகவே வங்கிக் கணக்கில் செலுத்தினேன். பணம் போனதைவிட, முருகன் பெயரைச் சொல்லி அந்த நம்பிக்கையை வாங்கியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மாலையில் நிழலில் நிறுத்தி, எண்ணெய்ப் பளபளப்போடு காரைக் கொடுத்தார்கள். மறுநாள் வெயிலில் பார்த்தால், பானட்டில் பிசின் இருந்த இடங்களெல்லாம் வெளிறிய திட்டுகள். அவற்றைச் சுற்றி வட்ட வட்டமாகக் கீறல்கள். எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான பெயிண்டர் பூச்சின் தடிமனை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, வண்ணத்தைக் கரைக்கும் வன்மையான தின்னரை ஊற்றி, சொரசொரப்பான மெருகுப் பசையை (காம்பவுண்ட்) மெருகேற்றும் பஃபிங் இயந்திரத்தில் போட்டு ஒரே இடத்தில் அழுத்தியிருக்கிறார்கள் என்றார். கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்தான் இருக்கும், அது போய்விட்டால் எந்த மெழுகும் திரும்பக் கொண்டுவராது, பானட் முழுவதையும் மீண்டும் பூச வேண்டியதுதான் என்பது அவர் சொன்னது. அதற்கான செலவு 1,850 ரேண்டைவிடப் பல மடங்கு.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. முதலில் மேலாளர் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். பிறகு, உங்கள் காரின் வண்ணம் முன்பே பலவீனமாக இருந்தது என்றார்கள். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை. நேரில் போனபோது அதே இளைஞர் என் முகத்தைப் பார்க்காமல், சேதத்துக்குக் கார் உரிமையாளரே பொறுப்பு என்று எழுதியிருந்த பலகையைக் காட்டினார். காரை நான் ஒப்படைக்கும்போது ஏன் அந்தப் பலகையைக் காட்டவில்லை? 2008ஆம் ஆண்டின் 68ஆம் இலக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நம் பொருளைக் கையில் வாங்கியவர் அதைக் கவனத்தோடு காக்கக் கடமைப்பட்டவர். பெரும் அலட்சியத்தின் பொறுப்பை ஒரு பலகையால் தட்டிக்கழிக்க முடியாது.

பிசினை நாமே எப்படி நீக்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை. பிசின் ஈரமாக இருக்கும்போதே வெந்நீரில் நனைத்த மென்துணியை அதன் மேல் வைத்து ஊறவிடுங்கள். காய்ந்துவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, மறைவான ஓரிடத்தில் சோதித்த பின், தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிளேடும் தின்னரும் வேண்டவே வேண்டாம், மறுபூச்சுப் பூசிய கார் என்றால் இன்னும் ஆபத்து. கடையில் கொடுப்பதானால், எந்தத் திரவம் என்பதை எழுத்தில் வாங்குங்கள், ஒப்படைக்கும் முன் வெயிலில் படம் எடுங்கள், முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள், கார் வெயிலுக்கு வந்த பிறகு பார்த்துவிட்டே மீதியைக் கொடுங்கள்.

என் 1,850 ரேண்டையும் பானட்டின் செலவையும் கேட்டு, 14 நாள் கெடு வைத்து எழுத்து மூலம் கோரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்துக்குப் போவேன். 20,000 ரேண்ட் வரையிலான வழக்குகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நாமே நடத்தலாம். இதே கடையில் இதே போல ஏமாந்தவர்கள் இருந்தால், ரசீதையும் படங்களையும் அழித்துவிடாமல் எனக்குத் தெரிவியுங்கள்.