லண்டன் வீசாவுக்கு பிஸ்னஸ் பிளான் எழுதித் தருகிறோம் என்பவர்கள்: கொழும்பில் எனக்கு நடந்தது

பிரித்தானியாவின் இன்னொவேட்டர் ஃபவுண்டர் வீசாவுக்கு "பிஸ்னஸ் பிளான் எழுதித் தருவோம், ஒப்புதல் நிச்சயம்" என்று விளம்பரம் செய்யும் ஒரு ஆலோசனை நிறுவனம் என்னிடம் நான்கரை இலட்சம் ரூபாயை வாங்கிக்கொண்டு கைவிரித்துவிட்டது. நிறுவனம் காலி வீதியில், வெள்ளவத்தைப் பக்கம். முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இவர்கள் வேலை செய்யும் விதம் தெரிந்திருக்கட்டும்.

பிரித்தானியாவுக்குப் போய்ப் புதிய தொழில் தொடங்குபவர்களுக்காக 2023 ஏப்ரலில் வந்த வீசா இது. பிரித்தானிய அரசு அங்கீகரித்த ஒரு நிறுவனம் முதலில் உங்கள் திட்டத்தைப் பார்த்து, அது புதுமையானதா, நடக்கக்கூடியதா, வளரக்கூடியதா என்று மதிப்பிட்டு ஒப்புதல் கடிதம் தர வேண்டும். அந்த மதிப்பீட்டுக்கு மட்டும் 1,000 பவுண், நம் காசில் கிட்டத்தட்ட நான்கு இலட்சம். கடிதம் கையில் வந்த பிறகுதான் வீசா விண்ணப்பம். திட்டத்தில் உள்ள யோசனை உங்களுடையதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதில் உங்களுக்குக் கணிசமான பங்காவது இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது.

சின்னப் பலசரக்குக் கடைகளில் எந்தப் பொருள் எப்போது காலாவதியாகிறது என்று கண்காணிக்கும் மென்பொருள் ஒன்றை இங்கே செய்து விற்கிறேன். அதை லண்டனில் ஈஸ்ட்ஹாம், வெம்பிளி பக்கத்துத் தமிழ்க் கடைகளுக்குக் கொண்டுபோவதுதான் யோசனை. அங்குள்ள கடைக்காரர்களுடன் வாட்ஸப்பில் கதைத்து எடுத்த குறிப்புகளையெல்லாம் அனுப்பினேன். வந்து சேர்ந்த திட்டத்தில் அவற்றில் ஒரு வரிகூட இல்லை. மினுமினுக்கும் அட்டை, வண்ண வண்ண வரைபடங்கள், "பிரித்தானியப் பலசரக்குச் சந்தையில் ஒரு சதவீதத்தைப் பிடிப்போம்" என்ற வசனம். எப்படிப் பிடிப்பது என்பதற்குப் பதில் எங்குமே இல்லை.

கணக்குப் பக்கம் இன்னும் மோசம். லண்டனில் முழுநேர ஊழியருக்கு மாதம் 900 பவுண் சம்பளம் போட்டிருந்தார்கள். 2025 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண் ஆகிவிட்டது. வாரம் முப்பத்தேழரை மணி நேரம் என்று பார்த்தாலே மாதம் இரண்டாயிரத்தைத் தொடும். முதல் வருட விற்பனை 140,000 பவுணாம், ஆனால் வற் வரிக்கு ஒரு வரிகூட இல்லை. வருட விற்பனை 90,000 பவுணைத் தாண்டினால் அந்த வரிக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும். கொழும்பிலிருந்து முதலீட்டுப் பணம் எப்படிப் போகும் என்பதும் இல்லை. 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் அதற்கெனத் தனிக் கணக்கும் உச்சவரம்பும் இருக்கின்றன, நினைத்தபடி அனுப்ப முடியாது.

இதையெல்லாம் எழுதித் திருத்தச் சொன்னேன். "தம்பி, வெள்ளைக்காரன் இதையெல்லாம் கிண்டிப் பார்க்க மாட்டான்" என்றார் அங்கிருந்தவர். அப்புறம் திருத்திவிட்டோம் என்று செய்தி வந்தது. ஒப்புதல் நிறுவனத்தின் இணையக் கணக்கை அவர்களுடைய மின்னஞ்சலில் திறந்திருந்ததால், உள்ளே என்ன போனது என்று எனக்குத் தெரிய வழியில்லை. ஒப்புதல் நிறுவனத்தின் நேர்காணலில் அந்த 900 பவுணைப் பற்றிக் கேட்டபோதுதான் இவர்கள் பழைய பிரதியையே ஏற்றியிருக்கிறார்கள் என்று விளங்கியது. ஒப்புதல் நிறுவனம் நிராகரித்துவிட்டது. மதிப்பீட்டுக் கட்டணமும் போய்விட்டது.

இதைவிடப் பயங்கரமானது ஒன்று உண்டு. வங்கியில் 50,000 பவுண் காட்ட வேண்டும், தரகுப் பணம் தந்தால் தாங்களே "காசு காட்டித்" தருவோம் என்றார்கள். இந்த வீசாவுக்கு அப்படி ஒரு கட்டாயத் தொகையே கிடையாது; 2023இல் பழைய இன்னொவேட்டர் வீசாவோடு அது போய்விட்டது. திட்டத்துக்குப் போதிய பணம் இருப்பதையும், அங்கே வாழ்க்கைச் செலவுக்கு 1,270 பவுண் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருந்ததையும் காட்டினால் சரி. போலி வங்கி ஆவணம் கொடுத்துப் பிடிபட்டால் 10 வருடத் தடை வரலாம். தடை உங்கள் பெயரில்தான் விழும், அவர்கள் அடுத்த ஆளிடம் காசு வாங்கிக்கொண்டிருப்பார்கள். அதற்கு நான் சம்மதிக்காத நாளிலிருந்தே அவர்களுடைய பேச்சு மாறியது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டுகிறார்கள். விளம்பரத்தில் "ஒப்புதல் நிச்சயம்", ஒப்பந்தத்தில் வெறும் "ஆவணத் தயாரிப்புச் சேவை". சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதற்கானது, இந்த வீசாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "லண்டனில் எங்கள் ஆலோசகர் இருக்கிறார்" என்றால் பெயரைக் கேளுங்கள். சட்டத்தரணி அல்லாத ஆலோசகர்கள் அங்கே இமிகிரேஷன் அட்வைஸ் ஒதோரிட்டியின் பதிவேட்டில் இருக்க வேண்டும், இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். எனக்குச் சொன்ன பெயர் அதில் இல்லை.

இப்போது திட்டத்தை நானே எழுதுகிறேன், கணக்குகளை மட்டும் தெரிந்த கணக்காளர் ஒருவர் சரிபார்க்கிறார். நீங்கள் யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் இணையக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும், கணக்குகளின் எக்செல் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். எனக்குக் கடைசிவரை பீடிஎஃப் மட்டும்தான் தந்தார்கள்.

என்னைப்போல் மாட்டியவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். இதே நிறுவனமாக இருக்கும் என்று சந்தேகிப்பவர்கள் பற்றுச்சீட்டோடு எனக்குத் தனியாக எழுதுங்கள். சேர்ந்தே பொலிசுக்கும் போவோம்.