பழுதை விற்பவரே சரிசெய்வதா, விலையில் கழிப்பதா?

வீட்டை ஆய்வு செய்த பொறியாளரின் அறிக்கை கைக்கு வந்த பிறகு, அதிலுள்ள பழுதுகளை விற்பவரே சரிசெய்து தரட்டும் என்று கேட்பதா, அதற்கான தொகையை விலையில் கழித்துக்கொண்டு வேலையை நாமே பார்ப்பதா என்பதை வாங்குபவர் முடிவு செய்தாக வேண்டும்.

விற்பவரே செய்து தந்தால் நம் கையிலிருந்து பணம் போகாது, குடியேறிய பின் கொத்தனாரோடு மல்லுக்கட்டவும் வேண்டியதில்லை. ஆனால், வீட்டை விட்டுப் போகிறவருக்கு அந்த வேலை எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கவலை இருக்க நியாயமில்லை. கூரையின் அடிப்பக்கத்தில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிவதாக வைத்துக்கொள்வோம். துருவானது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால்தான் கான்கிரீட் பிளக்கிறது. ஆகவே தளர்ந்த பகுதியைக் கொத்தியெடுத்து, துருவைச் சுரண்டி, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, மேலிருந்து நீர் இறங்கும் வழியையும் அடைத்த பிறகே பூச வேண்டும். இதில் எதையும் செய்யாமல் கலவையை அப்பி வெள்ளையடித்துவிட்டாலும், கிரயம் முடியும் நாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். (விற்பனைக்கு வந்த வீட்டில் ஒரே ஒரு சுவர் மட்டும் புதுப் பெயிண்டில் பளபளத்தால், அங்கே விரலால் தட்டிப் பார்ப்பது நல்லது.)

விலைக் குறைப்பில் ஆளும் பொருளும் நம் தேர்வு. ஆனால் கடனில் வாங்குபவர் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். விலையில் 80 விழுக்காடு கடன் என்றால், 1 லட்சம் குறையும்போது கடன் 80 ஆயிரம் குறைகிறது, நம் கையில் மிஞ்சுவது 20 ஆயிரம் மட்டுமே. பழுது பார்க்கவோ முழு 1 லட்சமும் ரொக்கமாக வேண்டும். தவிர, சுவரை உடைத்த பிறகு பழுது பெரிதென்று தெரிந்தால் அந்தக் கூடுதல் செலவும் நம்முடையதே.

எனவே, குழாய்க் கசிவு, வேலை செய்யாத மின்கசிவுத் துண்டிப்பான் போன்று முடிந்ததும் சோதித்துப் பார்க்கக்கூடிய வேலைகளை விற்பவரிடம் விடலாம். கம்பி, அடித்தளம், கூரை நீர்த்தடுப்பு போன்று மூடிய பின் பார்க்க முடியாதவற்றுக்கு விலைக் குறைப்பே மேல் என்பது என் கருத்து. அதுவும், பழுதின் ஓர் இடத்தையாவது விற்பவரின் சம்மதத்தோடு திறந்து பார்த்து, மதிப்பீடு வாங்கிய பிறகே தொகையைப் பேச வேண்டும்.

விலையில் ஒரு பகுதியை வழக்கறிஞரிடம் நிறுத்திவைத்து, வேலை முடிந்ததும் விடுவிக்கும் இடைவழியும் உண்டு. முடிந்தது என்று யார் சான்று தருவார், எந்தத் தேதிக்குள் என்பவை ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால் அது சண்டையில்தான் முடியும்.