பின்னிருக்கையில் பயணி: எஜெக்ஷன் செலக்டரை எதில் வைப்பது?

இரட்டை இருக்கைப் போர் விமானத்தில் பயிற்சியில்லாத ஒருவரை ஏற்றும்போது, ஆபத்தில் ஆளை இருக்கையோடு வெளியே வீசும் எஜெக்ஷன் கைப்பிடியை யார் இழுத்தால் யார் வெளியே போவார் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். எஃப்-16டி விமானத்தில் இதைத் தீர்மானிக்கும் செலக்டருக்கு நார்ம், ஆஃப்ட், சோலோ என மூன்று நிலைகள். மற்ற விமானங்களில் பெயர் மாறலாம், அடிப்படை ஏறக்குறைய இதுதான்.

நார்ம் நிலையில் விமானி இழுத்தால் இருவரும் போவார்கள். பயணி இழுத்தால் பயணி மட்டும். ஆஃப்டில் யார் இழுத்தாலும் இருவரும். சோலோவில் அவரவர் இருக்கை மட்டுமே. இருவரும் போகும்போது முதலில் கிளம்புவது பின்னிருக்கை. முன்னிருக்கை முந்தினால் அதன் ராக்கெட் தீ பின்னால் இருப்பவரைத் தாக்கும்.

பறவை மோதி விமானி நினைவிழந்தால், பின்னால் இருப்பவர் இருவரையும் காப்பாற்றலாம். ஆஃப்டுக்கு ஆதரவான வாதம் இதுதான். பின்னால் இருப்பவர் பயிற்சி பெற்ற ஆயுத அதிகாரி என்றால் அது சரி. பயணியிடம் அந்த அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 2019 மார்ச்சில் பிரான்சில் ஒரு ரஃபால்-பி இரட்டை இருக்கைப் போர் விமானம் காட்டியது. கடும் சாய்வில் மேலே ஏறிய விமானத்தை விமானி சமநிலைக்குக் கொண்டுவந்தபோது எதிர்மறை ஜி, அதாவது உடலை இருக்கையிலிருந்து மேலே தூக்கும் விசை. பட்டைகள் தளர்வாக இருந்ததால் 64 வயதுப் பயணி இருக்கையிலிருந்து எழும்பி, பிடிமானத்துக்குக் கிடைத்ததைப் பற்றினார். அது எஜெக்ஷன் கைப்பிடி! இருவரும் வெளியேறியிருக்க வேண்டிய அமைப்பு; விமானியின் இருக்கை கோளாறால் கிளம்பவில்லை, அவர் பத்திரமாகத் தரையிறக்கினார். கோளாறு இல்லாதிருந்தால், பழுதில்லாத விமானம் ஆளின்றி விழுந்திருக்கும்.

ஆகவே பயணிக்கு நார்ம். அதற்கும் விலை உண்டு: விமானி மயங்கினால் பயணி தனியாகத்தான் தப்புவார். பயணியோடு சோலோவில் பறப்பது இன்னும் மோசம். விமானி வெளியேறிய பிறகும், பயணி தானே இழுக்காவிட்டால் விமானத்தோடு போவார். பின்னிருக்கை காலியாக இருக்கும்போது மட்டுமே சோலோ. அதை மறந்து நார்மிலேயே விட்டால், தாழ்வான உயரத்தில் காலி இருக்கைக்காக ஒரு நொடியின் சிறுபகுதி வீணாகும்.

எந்த நிலையானாலும், பயணி ஏறியதும் இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கி, பிறகு தோள் பட்டை. ஹெல்மெட்டின் தாடைப் பட்டையைப் பூட்டியிருக்கிறாரா என்று இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த ரஃபால் பயணியின் ஹெல்மெட் பறந்தே போனது. ஜி ஏறும்போது எதைப் பிடிக்கலாம் என்பதையும் தரையிலேயே கையை வைத்துக் காட்டுங்கள், தொடைகளுக்கு நடுவில் உள்ள கைப்பிடியைத் தவிர. விமானி 'எஜெக்ட்' என்றதும் தலை சாய்மானத்தில் ஒட்டி, முதுகு நேராக, முழங்கைகள் உள்ளே இருக்க வேண்டும். குனிந்த நிலையில் இருக்கை கிளம்பினால் முதுகெலும்பு நசுங்கி முறியலாம்.