டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு: கல்யாண வீடியோ எடிட்டருக்குப் போதுமா?
சேலத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிற எனக்கு இந்த வீடியோ எடிட்டிங் சாப்ட்வேரின் இலவசப் பதிப்பே தாராளம். 4கே அல்ட்ரா எச்டி, நொடிக்கு 60 பிரேம் வரை முடித்த வீடியோவை வாட்டர்மார்க் இல்லாமல் வெளியே எடுக்கலாம். நிறத்தைச் சரிசெய்கிற கலர் பேஜ்தான் இதன் உயிர்: ஏற்காடு பனிமூட்டத்தில் எடுத்த அவுட்டோர் ஷாட் வெளிறிப்போய்க் கிடக்கும், வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்பார்ம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, இருண்ட பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் லிப்டைக் கொஞ்சம் இறக்கினால் பொண்ணோட பட்டுச்சேலையும் பின்னால் நிற்கிற சில்வர் ஓக் மரங்களும் பளிச்சென்று எழுந்து வரும். இரவு ரிசப்ஷனில் புள்ளி புள்ளியாக விழும் நாய்ஸை நீக்க மட்டும் காசு கொடுத்து ஸ்டுடியோ பதிப்பு வாங்கணும், அது கொஞ்சம் கடுப்புதான். அப்புறம், 8 ஜிபி ராம் கம்ப்யூட்டரில் ஓட்ட நினைக்காதீங்க, மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து "தம்பி, எங்க சித்தப்பாவைக் காணோமே?" என்று கேட்கும்போது டைம்லைன் திணறினால் மானம் போகும். முதலில் ப்ராக்ஸி (எடிட் செய்ய மட்டும் பயன்படும் லேசான நகல் வீடியோ) போட்டுடுங்க.