பிள்ளைகளின் பெயரைப் படித்துப் பார்த்து அச்சிடும் அச்சகம்

பள்ளி ஆண்டு மலரைக் கடலூரில் எங்கே அச்சடிக்கக் கொடுக்கலாம் என்று விசாரிக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய இந்த ஆஃப்செட் அச்சகத்தில்தான் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியின் 2024-25 மலர் அச்சானது. நான் அந்தப் பள்ளியில் தமிழாசிரியை. மலர்க் குழுப் பொறுப்பும் என்னிடம்தான். நான்கு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு, அதையும் சொல்கிறேன்.

முதலில் பெயர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் எங்கள் பிள்ளைகளில் பலருடைய வீட்டில், அந்தப் பிள்ளையின் பெயர் அச்சில் வருவது இந்த மலரில்தான் முதல் தடவை. கடலுக்குப் போகிற அப்பாக்கள், முந்திரித் தோப்புக்குக் கூலிக்குப் போகிற அம்மாக்கள். மலர் வீட்டுக்குப் போனதும் ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் எல்லாம் இருக்கிற பிளாஸ்டிக் கவரில் அதுவும் பத்திரமாகிவிடும். அப்படிப்பட்ட புத்தகத்தில் பெயர் தப்பாக இருந்தால் அதைச் சின்ன அச்சுப் பிழை என்று விட முடியாது. முன்பு ஒருமுறை வேறு ஊரில் ஓர் அச்சகத்தில் கொடுத்தோம். முழுக்க வழவழப்பான ஆர்ட் பேப்பர், பார்க்கக் கல்யாண ஆல்பம் போல இருந்தது. உள்ளே பிரித்தால் கோலாட்டத்தில் மாவட்ட அளவில் பரிசு வாங்கிய பெண்ணின் தலைப்பெழுத்து வேறு, பெயரில் ஓர் எழுத்தும் வேறு. அச்சுக்கு முன் பிழை பார்க்கத் தரும் படியை மெய்ப்பு என்பார்கள்; நாங்கள் திருத்தி அனுப்பிய மெய்ப்பை அவர்கள் பார்க்கவே இல்லை. அந்தப் பெண் நீல மையால் தானே திருத்திக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போனாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம், இனி பளபளப்பைப் பார்த்து அச்சகத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை என்று.

இந்த அச்சகத்தில் வேலை பேசி முடித்ததும் உரிமையாளர் கேட்ட முதல் பொருள் முன்பணம் அல்ல. "டீச்சர், எமிஸ்ல இருக்கிற பேர்ப் பட்டியல தமிழ்ல எக்செல்ல எடுத்துக் கொடுத்துடுங்க. அத வச்சுத்தான் நாங்க சரி பார்ப்போம்" என்றார். எமிஸ் என்பது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம். மாற்றுச் சான்றிதழ் முதல் எல்லாம் அதில் உள்ள பெயரில்தான் வரும். அதை ஆதாரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஓர் அச்சகக்காரருக்குத் தோன்றியது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

கணினியில் பக்கம் அமைப்பவர் அவருடைய மருமகள். அவர் வெறுமனே எழுத்தை ஓட்டுகிறவர் அல்ல, ஒவ்வொரு வரியையும் படிக்கிறார். "டீச்சர், இந்தப் பாப்பா பேரு கட்டுரையில ஒரு மாதிரி இருக்கு, பரிசுப் பட்டியல்ல வேற மாதிரி இருக்கு. எது சரி?" என்று மத்தியானத்தில் போன் வரும். அழைப்பிதழ் வேலை குவிந்து கிடக்கும் நேரத்திலும் இதை விடவில்லை. பாரதியார் 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறி, கைதாகி, கடலூர்ச் சிறையில் இருந்த நாட்களைப் பற்றிப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். போனில் தட்டச்சு செய்ததில் அது 1981 ஆகியிருந்தது. "பாரதியார் 1921லேயே போயிட்டாரே டீச்சர்" என்று சொல்லி நிறுத்தி வைத்திருந்தார். மெய்ப்புத் திருத்துகிறவருக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

எழுத்துரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் எல்லோரும் இப்போது போனிலும் கணினியிலும் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில் தட்டச்சு செய்கிறோம். பல அச்சகங்கள் இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளையும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களையும் விடவில்லை. யூனிகோடை அதற்கு மாற்றும்போதுதான் சங்கடங்கள் வரும். ஔகார வரிசை முதலில் அடிபடும். கௌசல்யா, சௌமியா மாதிரிப் பெயர்களில் ஔகாரக் குறியின் இடத்தில் தனி 'ள' வந்து உட்கார்ந்துகொள்ளும். 'ஸ்ரீ' காணாமல் போகும். சில இடங்களில் கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் அதற்குரிய எழுத்து அடுத்த வரியிலும் நிற்கும். இங்கே இன்டிசைன் மென்பொருளில் நேரடியாக யூனிகோடிலேயே பக்கம் அமைக்கிறார்கள், அதனால் அந்தத் தொல்லை இல்லை. தலைப்பெழுத்து ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலுமாகப் பிரியாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவே உடையாத இடைவெளி போடுகிறார்கள். நான் கேட்காமலே செய்தது அது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலை விரித்து வைத்தால் ஒரு பெயர்கூடத் துண்டாகவில்லை.

அளவு, தாள், செலவு. கிரவுன் நான்கில் ஒன்று, அதாவது வார இதழ் அளவை ஒட்டிய அளவு. உள்ளே 64 பக்கம், பதினாறு பக்க ஃபார்மாவாக (ஒரே தாளில் அச்சடித்து மடிக்கும் பக்கத் தொகுதி) நான்கு ஃபார்மா, 70 ஜிஎஸ்எம் (தாளின் எடைக் கணக்கு) மேப்லித்தோ என்ற வழவழப்பில்லாத தாள், கறுப்பு மை மட்டும். நடுவில் 8 பக்கம் மட்டும் ஆர்ட் பேப்பரில் பல வண்ணம். இந்த யோசனையும் உரிமையாளர் சொன்னதுதான். வண்ணப் படங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒவ்வொரு ஃபார்மாவிலும் சிதறவிட்டால் அத்தனை ஃபார்மாவுக்கும் நான்கு வண்ணத்துக்கும் தனித்தனிப் பிளேட் (அச்சுத் தகடு) போட வேண்டியிருக்கும்; எல்லாப் படங்களையும் ஒரே தாளில் சேர்த்தால் பிளேட் செலவு ஒரு தடவையோடு நின்றுவிடும் என்று தாளை மடித்துக் காட்டி விளக்கினார். 500 பிரதிக்கும் 300 பிரதிக்கும் மொத்தச் செலவில் நாம் நினைக்கிற அளவு வித்தியாசம் இல்லை என்பதையும் அவரே சொன்னார். பிளேட், பக்க அமைப்பு, மிஷின் ஏற்றும் கூலி எல்லாம் எத்தனை பிரதியானாலும் ஒன்றுதான். கூடுவது தாளும் மையும் பைண்டிங்கும். எங்களுக்கு ஒரு பிரதி 60 ரூபாய்க்குள் முடிந்தது. பணம் முன்னாள் மாணவர்களும், பள்ளி மேலாண்மைக் குழுவினரும், நாங்களும் சேர்ந்து போட்டது. ஜிஎஸ்டி பில் சரியாகக் கொடுத்தார்கள், தலைமையாசிரியை கணக்கில் வைப்பதற்குச் சிக்கல் இல்லை.

படங்களுக்கு வருகிறேன். நீங்கள் எந்த அச்சகத்துக்குப் போனாலும் இதை நினைவில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் போய்ச் சேரும். திரையில் அழகாகத் தெரியும். தாளில் குழுப் படத்து முகங்கள் கரைந்துவிடும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கு. ஏழு அங்குல அகலத்துக்கு ஒரு படம் வேண்டுமென்றால் அகலவாக்கில் 2100 பிக்சல் இருக்க வேண்டும். எங்களுடைய கலைத் திருவிழாப் படங்களில் சிலவற்றை இவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூலப் படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னார்கள். எடுத்த போனைத் தேடி, எடுத்த ஆசிரியரைப் பிடித்து அனுப்புவதற்குள் அலைச்சல்தான். ஆனால் சிலம்பம் சுற்றும் எட்டாம் வகுப்புப் பையனின் கண்ணில் இருக்கும் கவனம் அச்சில் அப்படியே வந்திருக்கிறது. கிடைத்ததைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கும் தொழிலில், இது வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறவர்களை நம்பலாம்.

மலரில் எனக்கு மிகவும் முக்கியமான பகுதி வெள்ளத்தைப் பற்றியது. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. எங்கள் பிள்ளைகளில் பலர் அதைக் கழுத்தளவில் பார்த்தவர்கள். தாழங்குடா பக்கத்திலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண், ஆட்டுக்குட்டியை மாடிப்படியில் கட்டி வைத்ததையும், நனைந்த பாடப் புத்தகங்களை அம்மா அடுப்பருகே ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து உலர்த்தியதையும் எழுதியிருந்தாள். பேசுகிற மொழியிலேயே எழுதியிருந்தாள். "தண்ணி வந்துச்சு, நாங்க ஏறிட்டோம், பாட்டி மட்டும் வரமாட்டேன்னுச்சு" என்று. அதைத் திருத்த வேண்டாம், எழுத்துப் பிழை மட்டும் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். அப்படியே செய்தார்கள். அந்தப் பக்கத்தில் மட்டும் ஓரத்தில் போடும் பூவேலைக் கட்டம் இல்லை. ஏன் என்று கேட்டேன். "இதுக்கு எதுக்கு டீச்சர் பூ" என்றார் மருமகள்.

இன்னொரு காரியமும் செய்தார்கள். மலர்க் குழுவில் இருந்த பிள்ளைகள் அச்சாகும்போது பார்க்க வரலாமா என்று கேட்டதற்கு ஒரு சனிக்கிழமை வரச் சொன்னார்கள். அலுமினியப் பிளேட்டில் தங்கள் கட்டுரை மங்கலாகத் தெரிவதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். எண்ணெய்ப் பசையுள்ள மையும் தண்ணீரும் ஒட்டாது என்கிற ஒரே சங்கதியில்தான் ஆஃப்செட் நடக்கிறது. பிளேட்டில் எழுத்து இருக்கும் இடம் மையை வாங்கும், மற்ற இடம் தண்ணீரை வாங்கும், பிறகு ரப்பர் போர்வை வழியாகத் தாளில் இறங்கும் என்று மிஷின் ஓட்டும் அண்ணன் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தங்கள் வகுப்புப் படம் உருவாவதைப் பார்த்துவிட்டு, ஓரத்தில் உள்ள கூட்டல் குறி எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். வண்ணங்கள் விலகாமல் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று பார்ப்பதற்கு என்று சொல்லி, லென்ஸைக் கையில் கொடுத்து அவளையே பார்க்கச் சொன்னார். தாள் வெட்டும் மிஷின் பக்கம் மட்டும் யாரையும் விடவில்லை, அதுவும் சரியே. பள்ளியின் அறிவியல், கணித மன்றமான வானவில் மன்றத்துப் பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல அறிவியல் வகுப்பு. அடுத்த வாரம் காலை வணக்கக் கூட்டத்தில் அவர்களே இதை எல்லோருக்கும் சொன்னார்கள்.

இனி குறைகள். சொன்ன தேதிக்கு மலர் வரவில்லை. தை மாத முகூர்த்த அழைப்பிதழ்கள் நடுவில் புகுந்துவிட்டன. ஆண்டு விழாவுக்கு முதல் நாள் மாலையில்தான் கட்டுகள் பள்ளிக்கு வந்து இறங்கின. தலைமையாசிரியையும் நானும் அதுவரை பட்ட பாடு வேண்டாத பாடு. கல்யாணப் பத்திரிகைக்குத் தேதி இருப்பதுபோல ஆண்டு விழாவுக்கும் தேதி உண்டு என்பதை அவர்கள் மனதில் வைக்க வேண்டும். இரண்டாவது, சில பிரதிகளில் அட்டையின் லேமினேஷன் ஓரத்தில் எழும்பியிருந்தது. சொன்னவுடன் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் கட்டும்போதே பார்த்திருக்கலாம். மூன்றாவது, கறுப்பு மையில் வந்த படங்கள் சற்று இருட்டாக இருக்கின்றன. எங்கள் தேசியப் பசுமைப் படைப் பிள்ளைகள் பனை விதை நடும் படத்தில் விதை நடுகிற கை தெரிகிறது, முகம் தெரியவில்லை. மேப்லித்தோ தாள் மையை இழுத்துக்கொள்ளும், அதற்கேற்ப முன்கூட்டியே படத்தை வெளிச்சமாக்க வேண்டும். இவ்வளவு நுணுக்கம் பார்க்கிறவர்கள் இதை விட்டதுதான் எனக்கு வருத்தம். நான் குறைத்த ஒரு நட்சத்திரம் தாமதத்துக்கும் இதற்கும் சேர்த்து.

கடை முன்னால் வண்டி நிறுத்த இடம் கிடையாது. ஆட்டோவில் போவது நல்லது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன்பே கட்டுரை, கவிதை எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள். பொங்கல் தாண்டிக் கொண்டுபோனால் அழைப்பிதழ்க் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். மெய்ப்பு இரண்டு முறை தருவார்கள். முதல் மெய்ப்பை நீங்கள் பாருங்கள், இரண்டாவதை வகுப்புக்கு எடுத்துப் போய், எழுதிய பிள்ளையின் கையிலேயே அவரவர் பக்கத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வில் வென்ற எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியலை வங்கிக் கணக்குப் புத்தகத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரப்போகிற கணக்கு அது, பெயரில் வேறுபாடு இருந்தால் இந்தச் சாக்கில் இப்போதே தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் பிடிஎஃப் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தனியாகப் பணம் கேட்பதில்லை. நூலகத்துக்கென்று கெட்டி அட்டை பைண்டிங்கில் சில பிரதிகள் வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். நடு மடிப்பில் கம்பி (சென்டர் பின்) அடித்த பிறகு அது முடியாது.